அக்காவின் காளான் இடம்

சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, இந்த வசந்தத்தின் தொடக்கத்தில் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் கண்மூடினார். இடையில் அவர் பட்ட பாட்டை உறவுகள் நீங்கள் அறிவீர்கள். போர் துரத்த இங்கே வந்தார். அகதி முகாமின் ஓர் அறையில் அத்தானோடு குடித்தனம் தொடங்கினார். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்து மகளைப் படிப்பித்தார், தங்கையான என்னையும் இங்கே கூப்பிட்டு எடுத்தார். யாரிடமும் முகம் சுளிக்காதவர் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வெங்காயத்தைத் தடிப்பாக வெட்டுபவர்களிடம் சுளித்திருக்கிறார், அதற்கு நானே சாட்சி.

அக்காவுக்குக் காளான் என்றால் பைத்தியம். எங்கள் ஊரில் இடி இடித்து மழை பெய்தால் காளான் முளைக்கும். அந்த நினைப்பில், வந்த புதிதில், கோடை இடிமழை ஓய்ந்ததும் கூடையும் கையுமாகக் காட்டுக்கு ஓடுவார். நனைந்ததுதான் மிச்சம். மேல்வீட்டு ஜேர்மன் அம்மாதான், குளிர் விலகும் நாட்களில் முளைக்கும் மொர்ஷெல் காளானை அவருக்கு அறிமுகப்படுத்தினார். மேலெல்லாம் குழி குழியாக இருப்பதால் அக்கா அதைத் தேன்கூட்டுக் காளான் என்றார். அதைப் போலவே தோன்றும் நஞ்சுக் காளானும் இருப்பதால், இருவரும் ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து சோதித்த பிறகே சமைப்பார்கள். அக்கா தேங்காய்ப்பாலும் யாழ்ப்பாணக் கறித்தூளும் போட்டு நன்றாக வேகவிட்டு இறக்குவார். அந்தக் கறி இருந்தால் அன்று அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கழுத்துச் சங்கிலியைக் கேட்டாலும் கழற்றித் தருவார். காளான் பிடுங்கும் இடத்தைக் கேட்டால் மட்டும், "காட்டுக்குள்ளதான், வேறை எங்கை?" என்பார். அவரைக் கஞ்சப்பிசினாறி என்று கேலி செய்யாத உறவினர் கிடையாது.

எனக்கு மட்டும் காட்டினார். ஒரு சித்திரை மாதக் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பைன் மரங்களுக்குப் பின்னால் ஒரு சரிவில் நிறுத்தினார்.

"உனக்கு மட்டும்தான் காட்டுறன். அத்தானுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது, விளங்குதோ?"

"ஓம் அக்கா" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு வந்த வருடங்களில் மற்றவர்கள் கேலி செய்யும்போதெல்லாம் நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நோய் முற்றி வைத்தியசாலையில் கிடந்த நாட்களிலும் அவர் கேட்டது அந்தக் கறியைத்தான். "குளிர் விட்டிட்டுதோ? இந்தமுறை நீ போய்ப் பிடுங்கிக் காய்ச்சித் தா" என்றார். கட்டாயம் தருவேன் என்று சொன்னேன். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. குளிர் விடுவதற்குள் அக்கா போய்விட்டார்.

இறந்தவருக்கு விருப்பமான உணவுகளைச் சமைத்துப் படைக்கும் எட்டுச் செலவு வந்தது. மற்றதெல்லாம் இருந்து அந்தக் கறி இல்லாவிட்டால் என் மனம் ஆறியிராது. விடிந்ததும், வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சரிவுக்குப் போனேன். தேடித் தேடி மூன்று காளான்தான் கிடைத்தது. ஒரு வாய்க்கும் காணாது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, வழியெல்லாம் அழுதபடி வந்தேன்.

அக்கா வீட்டுச் சமையலறையில் அத்தான் சேற்றுச் சப்பாத்தோடு நின்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு துணிப்பை.

"அவ எனக்கு மட்டும்தான் இடம் காட்டினவ" என்றார் தயங்கித் தயங்கி. "உங்களுக்குச் சொல்லப்படாது எண்டவ."

நான் வாய் திறக்குமுன் அக்காவின் மகள் உள்ளே வந்தாள். மருந்துக்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனவளின் கூந்தலில் மரச்சருகு. கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

"நீ எங்கையடி பிடுங்கினனீ?" என்றேன்.

"சொல்லமாட்டன் சித்தி. அம்மாவுக்குச் சத்தியம் பண்ணினனான்."

கடைசியாக ஜேர்மன் அம்மா கூடையோடு படியிறங்கி வந்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். அவரும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

என் காளானில் பைன் ஊசி ஒட்டியிருந்தது. அத்தானுடையதில் ஆற்று மணல். மகளுடையதில் மரப்பட்டைத் தூள். ஜேர்மன் அம்மாவுடையதில் ஈரப் பாசி. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடம். உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது கோபம். எனக்கு மட்டும் என்றாரே! ஆனால் என் சரிவை அவர் வேறு யாருக்கும் காட்டவில்லை. கஞ்சப்பிசினாறி என்று எல்லோரும் சிரித்த அக்கா, ஆளுக்கோர் இடமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நாங்கள் நால்வரும் அடுப்படியில் நின்று சிரித்தோம், பிறகு அழுதோம். ஜேர்மன் அம்மா ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்துத் தர, சட்டி நிறையக் கறி வைத்துப் படைத்தோம்.

அக்காவின் நோய்க்காலத்தில் வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடி உதவியவர்களுக்கும், சோறு சமைத்து அனுப்பியவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை வாசிப்பவர்களில் இன்னும் யாருக்காவது அக்கா, "உனக்கு மட்டும்தான்" என்று ஓர் இடம் காட்டியிருக்கக்கூடும். எனக்குச் சொல்லவேண்டாம். ஆண்டுத் திவசத்தன்று பிடுங்கிக்கொண்டு வாருங்கள். பெரிய சட்டியாக வைக்கிறேன்.