அண்ணியின் சிவப்பு நட்சத்திரம்

"வெள்ளையா, சிவப்பா? எது பிரகாசம்?" என்று அண்ணி கேட்டார். மொட்டைமாடியில், நட்சத்திரம் பார்க்கும் பைனாகுலர் என் கையில் இருந்தது.

"நீங்க என்ன எழுதினீங்க?"

"சொன்னா உன் கண்ணு என் பக்கம் சாஞ்சிடும். நீ சொல்லு."

"வெள்ளைதான் அண்ணி. சிவப்பு நல்லாவே மங்கியிருக்கு."

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தான். "இவ சேர்ந்தாப்ல அஞ்சு வார்த்தை பேசிட்டா. உண்மையாத்தான் இருக்கும்."

அண்ணி சிரிக்கவில்லை. "எனக்கு சிவப்புதாங்க பளிச்சுனு தெரியுது."

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் மாடியேறிவிடுவார். மங்குவதும் மறுபடி ஒளிர்வதுமாக இருக்கும் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை, பக்கத்திலுள்ள மாறாத வெள்ளை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பிரகாசத்தை எண்ணாக எழுதி, தன்னைப்போலப் பார்ப்பவர்களின் சங்கத்துக்கு அனுப்புவார். பதினோரு வருடப் பழக்கம். முந்தைய எண் கண்ணில் பட்டால் கை அதையே எழுதும் என்று பழைய வரிகளை அட்டையால் மூடிக்கொள்வார்.

"அதோட வெளிச்சம் கிளம்பினப்ப நம்ம தாத்தாவுக்குத் தாத்தாகூட பொறக்கல. அவ்வளவு தூரம் வந்த வெளிச்சத்தை ஏனோதானோன்னு எழுதலாமா?" என்பார்.

அந்த வாரம்தான் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மற்றவர்களுக்கு நட்சத்திரம் மங்கிக்கொண்டே போகிறது, உங்களுக்கு மட்டும் மங்கவில்லை, சரிபாருங்கள் என்று. பதினோரு வருட நோட்டும் வீணோ என்ற பயத்தில் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

மறுநாள் கடையிலிருந்து மஞ்சள் சாயம் ஏற்றிய லென்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். பைனாகுலர் முன்னால் அதைப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெள்ளை நட்சத்திரங்கள் சோர்ந்துபோயின. சிவப்பு அப்படியே நின்றது. இப்போது எனக்கும் சிவப்புதான் பளிச்சென்று தெரிகிறது என்றேன்.

"அப்போ என் கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ்தான் மஞ்சளாயிடுச்சு. ஊருக்கெல்லாம் லென்ஸ் மாட்டறேன், சொந்த லென்ஸைக் கவனிக்கல!"

கண் டாக்டரும் கண்புரை என்றார். நல்லவேளை, சீக்கிரமே வந்துவிட்டீர்கள், அறுவை சிகிச்சை செய்தால் பார்வை தெளிந்துவிடும் என்றார். அன்று மாலையே அண்ணி தன் நோட்டைச் சங்கத்தின் எண்களோடு வரிவரியாக ஒத்துப்பார்த்தார். கடைசி ஐந்து மாதம்தான் விலகியிருந்தது. பத்து வருடத்துக்கு மேலான உழைப்பு பிழைத்தது.

சங்கத்துக்கு எழுத வேண்டியது அண்ணிக்குச் சரளமாக எழுத வராத, நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழியில். அண்ணி என்னிடம் பேனாவை நீட்டினார்.

"அஞ்சு மாசத்து நம்பரையும் அடிச்சுடச் சொல்லு. கண்புரைன்னு ஒரு வரி போதும், அழுது வடியாத. ஆனா அந்தக் கடுதாசி வரலேன்னா நான் பார்வை போறவரைக்கும் தெரியாமலே இருந்திருப்பேன். அதுக்கு நன்றி மட்டும் மனசார நாலு வரி எழுதிடு, கண்ணு. நீ பேசற மாதிரி ஒத்த வார்த்தையில முடிச்சுடாத."