லேப் மேசை மேல் நான்கு கைகள்

பெரிய பேரன் சதீஷ் ஐடிஐ முடித்து செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் பெர்மனென்ட் ஆகிவிட்டான். அவன் தங்கை லாவண்யா நர்ஸ், போன மாதம் வார்டு இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். கடைக்குட்டி பவித்ரா எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. நேற்று அவளுக்கு மருந்து கம்பெனி லேபில் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது.

மூன்றும் மரக்காணம் உப்பளத்தில் விளையாடி வளர்ந்தவை. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகள். கண் வைக்காதீர்கள்...

ஆர்டர் வந்தது என்று கேட்டதும் எனக்குத் தொண்டையில் ஒரு நெடி வந்து நின்றது. ஆசிட் நெடி. ஒரே ஒரு நாள்தான் அதை முகர்ந்திருக்கிறேன்.

பவித்ரா அப்போது பாண்டிச்சேரியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். அவள் அப்பா, என் மகன், லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருந்தான். படிக்கிற பிள்ளைகளுக்குக் காலேஜிலேயே பார்ட் டைம் வேலை கொடுப்பார்கள். கிளாஸ் முடிந்ததும் இரண்டு மணி நேரம் கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிச் சாமான் கழுவி அடுக்க வேண்டும். அந்தச் சம்பளம் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் போகும். அது இல்லையென்றால் ஹாஸ்டல் இல்லை. ஹாஸ்டல் இல்லையென்றால் படிப்பும் இல்லை.

இன்டர்வியூவில் லேப் மேடம், தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டாராம். மற்ற பிள்ளைகள் புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தார்கள். இவள் சொன்னது...

"எங்க உப்பளத்துல டிகிரி பாக்கற கண்ணாடிய மிதக்க விடுவோம் மேடம். இருபத்தஞ்சு காட்டிச்சுன்னா உப்பு உக்கார ஆரம்பிச்சிடும்."

வேலை கிடைத்துவிட்டது. "ஆயா, நம்ம உப்பளம்தான் வாங்கிக் குடுத்துச்சு!" என்று போனில் கத்தினாள்.

வாங்கிக் கொடுத்த உப்பளமே அதைப் பறிக்கவும் பார்த்தது. காரணம் நான்தான்.

பங்குனி மாதம். பாத்தி முழுக்க உப்பு விளைந்து கிடக்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு மழை விழுந்தால் அத்தனையும் தண்ணீர். கூலிக்கும் ஆள் இல்லை, அவரவர் பாத்தி அவரவருக்கு. பவித்ராவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு நாள் வந்துட்டுப் போடி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "பஸ் ஏறிட்டேன் ஆயா. கீழ்புத்துப்பட்டு தாண்டல, அதுக்குள்ள இடி இடிக்குது."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாரினோம். குவித்துக் கீற்றுப் போட்டு மூடினோம். உப்பு தப்பித்தது. அவள் கை தப்பிக்கவில்லை. இரண்டு வருஷம் பேனா பிடித்த கை... விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. தேங்காய் எண்ணெய் தடவி பஸ் ஏற்றிவிட்டேன்.

புதன்கிழமை அழுதுகொண்டே பேசினாள். "ஆயா, மேடம் கையப் பாத்துட்டாங்க. கிளவுஸ் போடாம ஆசிட்டத் தொட்டியான்னு கத்தறாங்க."

"உப்புன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். உப்பு இப்படியா கையக் கிழிக்கும், பொய் சொல்றியான்றாங்க. வீட்ல இருந்து யாராச்சும் வந்தாத்தான் லேபுக்குள்ள விடுவாங்களாம்."

மறுநாள் காலையில் முதல் பஸ். வழி முழுக்க, மேடத்திடம் இப்படிச் சொல்லணும், அப்படிச் சொல்லணும் என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டு போனேன். நான் எதையாவது உளறி, பிள்ளை வேலை போய்விட்டால்?

லேபுக்குள் கால் வைத்ததும் அந்த நெடி. சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோனது.

"பேத்தி கையப் பாத்தீங்களா பாட்டி?" என்றார் மேடம்.

இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைத்தேன். "பாருங்கம்மா. நான் ஆசிட்டக் கண்ணால கூடப் பாத்ததில்ல."

பவித்ரா தன் கையையும் பக்கத்தில் வைத்தாள். அதே கட்டைவிரல் மடிப்பு, அதே இடுக்கு. என்னுடையது பழைய வெடிப்பு, அவளுடையது புதுசு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். என் விரலைத் தொட்டுத் திருப்பினார். "எத்தனை வருஷமா இப்படி?"

"கல்யாணம் ஆகி வந்ததுல இருந்தும்மா."

கண்ணாடியைக் கழற்றினார் அவர். பிறகு சொன்னார்: "பொய் சொல்றான்னு நெனச்சது என் தப்பு. ஆனா இந்த வெடிப்போட இவளை ஆசிட் பக்கம் விட முடியாது."

"அப்ப வேலை போயிடுமாம்மா?" என்றேன்.

"ஆறுற வரைக்கும் ஸ்டாக் நோட்டு எழுதட்டும். ஆனா, மறுபடியும் உப்பளத்துல எறங்கினா லேபுக்கு வரக்கூடாது. இவ சொன்னா நான் நம்ப மாட்டேன், நீங்க கூப்பிட்டா ஓடிடுவா. நீங்க சொல்லுங்க."

"எறங்க மாட்டா."

"ஆயா, மழை வந்தா?" என்றாள் பவித்ரா.

"வந்தா வரட்டும்டி. நீ உன் வேலையப் பாரு."

மழை வரத்தான் வந்தது. அடுத்த மாதமே, பட்டப்பகலில். போனைக் கையில் எடுத்தேன்... அவள் பேர் வரைக்கும் போய் விரல் நின்றது. போனை முந்தானையில் முடிந்துகொண்டு பாத்தியில் இறங்கினேன். பாதி உப்புதான் கரை ஏறியது. மீதி கரைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் பதிவைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

படிப்பு முடிகிற வரைக்கும் அந்த வேலை அவளிடம் இருந்தது.

அப்போதெல்லாம் அவள் அனுப்புகிற ஒவ்வொரு போட்டோவிலும் கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை, வெடித்த வடுவை மறைக்கத்தான் என்று தெரியும். போன பொங்கலுக்கு வந்தபோது கோலம் போடுகையில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. என் கை மட்டும் அப்படியேதான் இருக்கிறது... இருக்கட்டும்.

பவித்ரா, முதல் நாள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு புது போட்டோ எடுத்து இங்கேயே போடு. கையை முன்னால் வைத்துக்கொண்டு நில்லு.