காது கேட்காதவளுக்கு எதுக்குச் சத்தமில்லாத கார்?

கார் வாங்கப்போகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தம்பி எனக்கான காரை முடிவு செய்துவிட்டான்.

"அக்கா, நல்லா உசரமா, பெருசா எடுத்துப்போடுங்க. ஊருக்குள்ள வந்து நின்னா நாலு பேரு திரும்பிப் பாக்கோணும்."

"எனக்குச் சத்தமில்லாத வண்டி வேணும். குலுங்காத வண்டி. அம்மாவைக் கூட்டிட்டுப் போகத்தானே வாங்கறேன்."

அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்த அவன் மனைவியும் சிரித்தாள். "அம்மாவுக்கா?" என்றான் தம்பி. "காது கேக்காதவிகளுக்கு எதுக்குங்கக்கா சத்தமில்லாத காரு?"

அம்மா அங்கேதான் கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எந்தக் காரும் வேண்டாம் என்றாகிவிட்டது.

அம்மா தோட்டங்காட்டில் களையெடுத்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளகோவிலில் தறிக்குடோனுக்கு வேலைக்குப் போனாள். விசைத்தறிகள் வரிசையாக அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் பாதி ஆயுளைக் கழித்தாள். அந்தச் சத்தம் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. குனிந்து குனிந்து முதுகும் போயிற்று. இப்போது அதே ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். முதுகு வைத்தியத்துக்காக மாதம் ஒரு முறை கோயமுத்தூருக்குக் கூட்டி வருவது என் பொறுப்பு. நான் சிங்காநல்லூரில் தனியாக இருக்கிறேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் தலைமை நர்ஸ். நாள் முழுக்க மெஷின்கள் கத்தும் இடம் அது. சத்தம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும்.

தம்பிக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. காது மெஷின் போட்டவர்களுக்குத்தான் சத்தம் எதிரி. அந்த மெஷின் பேச்சை மட்டும் பெரிதாக்கித் தருவதில்லை. இன்ஜின் இரைச்சல், டயர் இரைச்சல், கதவு கடகடப்பது எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக் காதுக்குள் கொட்டும். என் பழைய டீசல் காரில் ஏறியதுமே அம்மா மெஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். பிறகு வெள்ளகோவில் வரைக்கும் நாங்கள் இரண்டு ஊமைகள். வீட்டில் பேசலாம் என்றால், அங்கே பெரும்பாலும் மெஷினே போட மாட்டாள், கத்திப் பேச வேண்டும். காது கேட்காத அம்மாவிடம் ரகசியம் சொல்ல முடியாது. சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

அந்த மாதம் வைத்தியத்துக்கு வந்து என்னோடு தங்கியிருந்த அம்மாவையும் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விற்பனைப் பையன் எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்தான். "சார் வண்டி பார்க் பண்ணிட்டு வர்றாருங்களா மேடம்?"

"சார் யாரும் இல்லீங்க. ஓட்டப்போறது நான். உக்காரப்போறது இவங்க."

அவன் கதவைத் திறந்து பெரிய திரையைக் காட்டினான். கூரை திறந்து மூடுவதைக் காட்டினான். இது எல்லாம் வேண்டாம், ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அவினாசி ரோட்டில் மேம்பாலம் வரைக்கும் போய்த் திரும்பலாம் என்றான்.

"மேம்பாலத்துல எந்த வண்டியும் நல்லாத்தான் போகும். ஒண்டிப்புதூர்ப் பக்கம் குழாய் போடத் தோண்டி வெச்சிருக்காங்கள்ல, அந்த ரோட்டுல போலாம்."

"அங்கெல்லாம் டெஸ்ட் டிரைவ் விட மாட்டாங்க மேடம்."

"அப்ப விடற கடைக்குப் போறேனுங்க."

அவன் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான்.

அன்றும் அடுத்த வாரமும் அம்மாவை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். பார்க்கப் பெரிதாக இருந்த ஒரு வண்டியில் குழியில் இறங்கி ஏறுவதற்குள் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அய்யோ சாமி" என்றாள். இன்னொன்று குலுங்கவில்லை. ஆனால் வேகமெடுத்ததும் டயர் இரைச்சல் உள்ளே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அம்மாவின் கை மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தது. "இது வேண்டாங்க" என்று சொல்லித் திருப்பினேன். ஒரு கடையில் பின்னால் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இவங்க வாங்கற பார்ட்டி இல்லப்பா." நான் திரும்பிப் போய், "வாங்கற பார்ட்டிதானுங்க. உங்ககிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியாகப் பார்த்த கடையில் மூலையில் ஒரு செடான் நின்றது. தாழ்வான, நீளமான பெட்ரோல் வண்டி. "இதை இப்ப யாரும் எடுக்கறதில்லீங்க மேடம். எல்லாரும் உசரமான வண்டிக்குப் போயிட்டாங்க" என்றார் அங்கிருந்தவர். ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

அம்மாவை இந்த முறை முன்னால் உட்கார வைத்தேன். திருச்சி ரோட்டில் ஏறினேன். தோண்டிப் போட்ட இடத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்காமல் விட்டேன். வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். அம்மா இடுப்பைப் பிடிக்கவில்லை. மெஷினைக் கழற்றவும் இல்லை. சிக்னலில் நின்றபோது தலையைச் சாய்த்து எதையோ கவனித்தாள்.

"கண்ணு, உள்ள பல்லி கத்துதா?"

"பல்லியா?"

"டிக்கு டிக்குங்குதே."

இண்டிகேட்டர். வலது பக்கம் திரும்புவதற்காகப் போட்டிருந்தேன். பத்து வருடங்களாக என் வண்டியில் வந்துகொண்டிருக்கிற அம்மா அந்தச் சத்தத்தை முதல் முறையாகக் கேட்டாள். பின் சீட்டில் உட்கார்ந்து வந்த கடைக்காரர், "கலர் எது வேணுங்க மேடம்?" என்றார்.

வண்டி வந்த பிறகு முதல் பயணம், வைத்தியம் முடிந்து அம்மாவைத் தம்பி வீட்டில் விடப் போனது. பல்லடம் தாண்டும்வரை அம்மா நிறுத்தாமல் பேசினாள். மழை, அரிசி, தம்பி மகனின் பள்ளிக்கூடம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சாதாரணக் குரலில் கேட்டாள்.

"நீ எதுக்கு அம்மணி அவனை உட்டுட்டு வந்தே?"

அவள் கேட்டது என் கணவராக இருந்த அத்தை மகனைப் பற்றி. அப்பா உயிரோடு இருக்கும்போது செய்து வைத்த கல்யாணம். இரண்டாவது வருடமே நான் பெட்டியோடு வந்து நின்றேன். அப்போது நாங்கள் இருந்தது லைன் வீடு, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அம்மாவுக்கு அப்போதே காது பாதி போயிருந்தது, மெஷினும் கிடையாது. நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் கத்திச் சொல்ல வேண்டும். கத்திச் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. "ஒத்து வரலைம்மா" என்று மட்டும் சொன்னேன். படிச்ச திமிரு, சம்பாதிக்கற திமிரு என்று எல்லோரும் பேசினார்கள். அம்மாவும் அதை நம்பினாள். என்னைப் பேருந்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினாள். மறுபடி அவரை விட்டு வந்தபோது நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நேராக நர்சுகள் விடுதிக்குப் போனேன்.

இப்போது கத்தத் தேவையில்லை. சொன்னேன்.

"நான் டியூட்டிக்குப் போகக் கூடாதுன்னு வெளிய பூட்டு போட்டுட்டுப் போயிருவாரும்மா. நாள் கணக்கா. சாமான் எதுவும் வாங்கி வெக்க மாட்டாரு. பக்கத்து ஊட்டு அக்கா ஜன்னல் வழியா சோறு குடுப்பாங்க. கம்பிக்குள்ள தட்டு வராது. கையில உருண்டை பிடிச்சுக் குடுப்பாங்க. அதைத்தான் தின்னேன்."

அம்மாவின் காதில் விழவில்லையோ என்று திரும்பிப் பார்த்தேன். விழுந்திருந்தது. காங்கேயத்துக்கு முன்னால் ஓர் இளநீர்க் கடை வந்தபோது, "ஓரங்கட்டு" என்றாள். கடைக்காரர் வெட்டிக் கொண்டு வந்து ஜன்னலில் நீட்டிய இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"அன்னிக்கு உன்னைய பஸ் ஏத்தி உட்டவ நாந்தானே."

"ஆமாம்மா."

விடுங்கம்மா, அது பழைய கதை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. அவள் கேட்டது உண்மை, நான் சொன்னதும் உண்மை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு இளநீரைக் குடித்து முடித்தாள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் சிமெண்டில் மேடாக ஒரு வேகத்தடை கட்டியிருக்கிறார்கள். வண்டியின் அடி அதில் உரசியது. வாசலில் நின்ற தம்பிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. "பாத்தீங்களாக்கா? அன்னிக்கே சொன்னனே!" என்று அவன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி சிரித்தான்.

"உரசட்டும்டா. மெதுவா ஏத்தி இறக்கிக்கறேன்."

காபி குடிக்கும்போது அத்தை வீட்டுக் கல்யாணப் பேச்சு வந்தது. கோபியில் மண்டபம். இத்தனை வருடங்களாக அந்தப் பக்கத்து விசேஷம் எதற்கும் எனக்கு அழைப்பு கிடையாது. அத்தை மகன் வருவார், நான் வந்தால் அவருக்குச் சங்கடம் என்பார்கள். தம்பி வழக்கம்போலத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "அக்கா, நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. அவிய எல்லாம் வர்றாங்க. அதனால நாங்க மட்டும் அம்மாவைக் கூட்டிட்டு..."

"அவ வருவா" என்றாள் அம்மா.

தம்பி அவள் பக்கம் குனிந்து உரக்கக் கத்தினான். "அம்மா! நான் என்ன சொல்றேன்னு உங்களுக்குப் புரியலீங்க!"

"கத்தாதடா. மிஷின் போட்டிருக்கேன். நீ சொல்றது நல்லாவே கேக்குது. என்ற மக வருவா. நான் அவ கார்லதான் வருவேன். சங்கடப்படறவன் வேண்ணா ஊட்டுல இருக்கட்டும்."

தம்பி மனைவி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தம்பி என்னைப் பார்த்தான். நான் எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டியவளுக்கு விளக்கியாயிற்று.

கல்யாணத்தன்று நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். நர்ஸ் வேலைக்குப் போகிறவள் என்று ஒரு காலத்தில் வாய்க்கு வந்தபடி பேசியவர்களுக்கு நடுவில் போகிறேன், சும்மா போகப் பிரியமில்லை. அம்மா முன் சீட்டில் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள். கோபியை நெருங்கியதும் இரண்டு பக்கமும் வயல் வந்தது. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கச் சொன்னாள்.

மண்டபத்து வாசலில் கூட்டம். உயரமான வண்டிகள் வரிசையாக நின்றன. தள்ளிப் போய் நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? முதுகு வலிக்காரி நானு. வாசல்லயே நிறுத்து."

நிறுத்தினேன். அத்தை மகன் பந்தலுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போனார். அம்மா இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, நாமும் முதல் பந்தியிலயே உக்காந்துக்கலாம்" என்று சொல்லி அதே பக்கமாக என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.