ரத்தக்காட்டேரிகளுக்கு நான் சொன்ன தமிழ்

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு, சீயக்காய் வாசம், ஈரம் காயாத தலைமுடி... ஆறு நாள் கம்பெனியில் தலையில் படிந்த பஞ்சுத் தூசி அன்று ஒருநாள்தான் முழுசாகப் போகும்.

திருப்பூரில் நானும் மலரும் ஒரே அறையில் இருந்த காலம் அது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் வெள்ளகோவிலில் இருந்து பி.காம் முடித்து வந்து, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவள் தூத்துக்குடிப் பக்கம். முழுப்பெயர் ஜெபமலர். பத்தாவது முடித்துவிட்டு, அதே கம்பெனியில் செக்கிங் வேலை.

இரண்டு மணிக்கு கேபிளில் ஒரு ஆங்கிலத் தொடர் வரும். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் ஒரு பெண்ணின் கதை. அவளுக்கு அது பரம்பரைத் தொழில். ஆனால் அவள் காதலித்தது ஒரு காட்டேரியை! அவனைப் பிரிந்து, இனி இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று இருந்தவள் இரண்டாவதாக மனதைக் கொடுத்ததும் இன்னொரு காட்டேரியிடம்தான். முதலாமவன் அதிகம் பேச மாட்டான். மலர் அவனுக்கு ஊமையன் என்று பெயர் வைத்தாள். இரண்டாமவன் வாயாடி.

"எக்கா, ஊருல இவளுக்கு வேற ஆளே கெடைக்கலியா? ரெண்டும் செத்த பயலுவ."

வீட்டுக்கார அம்மா கொடியில் துணி எடுக்க வரும்போது எட்டிப் பார்ப்பார். நாளும் கிழமையுமா இதைத்தான் பார்க்கோணுமா சாமி என்பார். சொல்லிவிட்டு, விளம்பரம் வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

மலருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். எனக்குத் தெரிந்ததும் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஃபேக்ஸ் எழுதுகிற ஆங்கிலம்தான்... பாதி புரியும். மீதியை நானே போட்டு நிரப்புவேன். சில வாரம் என் கதை அவர்களுடையதை விட நன்றாகவே இருந்தது.

அந்த வருடம் மலருக்கும் ஒருவன் வந்தான். கதிர்வேல். அவிநாசியில் அவன் அப்பா நாலு நிட்டிங் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். முருகன் படத்துக்குப் பூ வைக்காமல் மெஷினை ஓட்டாத குடும்பம். இவளோ ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய் வராமல் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டாள்.

பதிவுத் திருமணம் என்று முடிவு செய்து, நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதக் கெடுவும் முடிந்திருந்தது. திங்கட்கிழமை அவிநாசி பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. என்னிடம் அவள் சொன்னதே சனிக்கிழமை சாயங்காலம்தான். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக யோசித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மதியம் தொடரில் வாயாடியைக் கொல்லச் சொல்லி வேட்டைக்காரிக்கு உத்தரவு. யாரும் வராத ஒரு பழைய ரயில் நிலையத்தில் அவன் காத்திருக்கிறான். அவள் போகிறாள். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனாலும் உன்னோடு வருகிறேன்.

அந்த வசனம் எனக்கு முழுசாகவே புரிந்தது.

"என்னக்கா சொல்லுதா?"

"உன்ற உலகம் வேற, என்ற உலகம் வேற, நீ போயிருங்கறா புள்ள."

"அப்படியா சொல்லுதா?"

"ஆமா."

அவள் திரும்பி டிவியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, காயாத முடியை அப்படியே அள்ளி முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அவள் கம்பெனிக்குத்தான் வந்தாள். கதிர்வேல் மதியம் வரை பதிவு அலுவலக வாசலில் நின்றிருக்கிறான். அடுத்த மாதமே மலர் வேலையை விட்டு ஊருக்குப் போனாள். வீட்டில் பார்த்தவரைக் கட்டிக்கொண்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

கதிர்வேல் வீட்டார் எங்கள் ஆட்கள். அந்த வீட்டில் இவளுக்குத் தனித்தட்டு வைப்பார்கள், சாமி அறைப் பக்கம் விட மாட்டார்கள். அதையும் "வாங்க கண்ணு, உக்காருங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே செய்வார்கள். எனக்குத் தெரியும். அதனால் அவளைக் காப்பாற்றினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது பாதிதான். அவள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம் மீதி. இந்த வயதில் இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அந்தத் தொடர் தமிழ் டப்பிங்கில் போனில் வந்தது. தேடிப் போய் அந்தக் காட்சியைப் பார்த்தேன். வேட்டைக்காரி அன்று ஆங்கிலத்தில் சொன்னதையே சுத்தத் தமிழில் சொன்னாள். மலரும் என்றாவது பார்த்துவிடுவாள்... அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பண்டிகைக்கு வாழ்த்துப் படம் அனுப்புவதோடு சரி, நாங்கள் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது. கூப்பிட்டேன். திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள்.

"அன்னைக்கே தெரியும்க்கா. போயிருன்னு சொல்லுதவ எதுக்கு அவன் கையப் பிடிச்சிட்டு நிக்கா?"

தெரிந்தும் ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவள் வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது.

"அவரு பக்கம் சாட்சிக்கு ரெண்டு கூட்டாளி இருந்தாவ. எம்பக்கம் கையெழுத்துப் போட ஒங்களத்தான் கூப்பிடணும்னு நெனச்சிருந்தேன். சீரியல் முடியட்டும், கேப்போம்னு இருந்தேன்... அப்பொறம் கேக்கத் தோணலக்கா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மகளுக்குப் பரீட்சை என்றாள், அங்கே வெயில் தாங்கவில்லை என்றாள், வைத்துவிட்டாள்.

இப்போது எந்த நாட்டுத் தொடரும் தமிழிலேயே கிடைக்கிறது. என் வீட்டில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஹெட்போன். திரையில் அவள் என்ன சொல்கிறாள் என்று யாரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பதில்லை.

நல்லதுதான்.

அன்று ஒருத்தி என்னை நம்பிக் கேட்டாள்.