எல்லாருக்கும் என் விரல்

இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவள் நான். வேலையாட்களின் வரவு பதிய ஒரு வல்லரசு இனாமாகக் கைரேகை மெஷின் கொடுத்தது. கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களை அது எடுக்கவே இல்லை.

"எல்லாருக்கும் நீயே வச்சிரும்மா" என்றார் தோட்டத்துத் துரை. வைத்தேன்.

பிறகு அந்த நாட்டோடு வியாபாரத்தில் மோதும் இன்னொரு வல்லரசின் ஆட்கள் வந்தார்கள். மெஷின் வேவு பார்க்கிறதாம். அத்தனை பேருக்கும் ஒரே ரேகை எப்படி, யாருடைய ஆள் நீ என்று என்னைக் குடைந்தார்கள். துரையைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அந்தப் பெரிய மனுஷன்.

போன வாரம் அவர்களுடைய புது மெஷின் வந்தது. அதுவும் தேய்ந்த விரலை எடுக்கவில்லை. துரை என்னைத்தான் கூப்பிட்டார்.

"வாம்மா, ஒன் விரல வையி."