அண்ணாச்சிக்கு மறுபடியும் நம்பர் ஒன்

மழையில் நனைந்து காய்ந்த காமிக்ஸுக்கு ஒரு தனி வாசனை உண்டு. கேம்ப் கடைத்தெருவின் நடைபாதையில் வாங்கினால் பக்கத்து வண்டியின் வடாபாவ் எண்ணெயும் அதில் கலந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலமானால், நாங்கள் குடியிருந்த லோஹேகாவிலிருந்து அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போவோம்...

அப்பாவுக்கு அங்கே ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனில் சிவிலியன் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்கு இங்கிலீஷ் வரட்டும் என்றுதான் அம்மா அந்தப் பழைய காமிக்ஸ்களை வாங்க ஆரம்பித்தாள். வாசித்துக் காட்டியது என்னவோ எங்கள் ஊர்த் தமிழில்தான்.

கட்டடம் விட்டுக் கட்டடம் பறக்கும் அந்த ஹீரோவுக்கு எங்கள் வீட்டில் பெயர் அண்ணாச்சி. அவர் பெண்டாட்டி மதினி. இரும்புக் கை வில்லன் அண்ணாச்சியின் கழுத்தைப் பிடித்து, "ஏலே, இன்னைக்கு உன்னைய உரிச்சிருதேன்" என்பான். ரொம்ப நாளைக்கு அவர்கள் எல்லோரும் பாளையங்கோட்டைக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஆறாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்கு முன்பே கொஞ்ச காலமாக உடம்புக்கு முடியாமல்தான் இருந்தாள்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு மறுபடி கல்யாணம். பெண் பிள்ளைக்கு ஒரு துணை வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெண் பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

சித்தி வருவதற்கு முன் வீட்டைச் சுத்தம் பண்ண ஊரிலிருந்து அத்தை வந்தாள். நான் ஸ்கூலில் இருந்த நேரத்தில் காமிக்ஸ் அத்தனையும் ரத்தி கடைக்குப் போய்விட்டது. பழைய பேப்பர் கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். அத்தை நல்லவள்தான். அவள் கண்ணுக்கு அது குப்பை, அவ்வளவுதான். வெறும் அலமாரியைப் பார்த்ததும் அதன் கதவைச் சாத்திவிட்டேன். திறந்தால் அழுதுவிடுவேன்.

நான் உம்மென்று இருப்பதைப் பார்த்து அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தம்புதுக் காமிக்ஸ் ஒன்றை வாங்கி வந்தார். அட்டையில் பெரிதாக நம்பர் ஒன்.

"பழசு எதுவுமே தெரிய வேண்டாமாம்மா. புதுசா படிக்கிறவங்களுக்காகவே முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்காங்களாம்," என்றார். பாவம், அப்பாவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

படித்தேன். அதே அண்ணாச்சி, அதே நீல உடுப்பு. ஆனால் கல்யாணமே ஆகவில்லை. மதினி என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியவில்லை, அண்ணாச்சி உட்பட...

புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன். சித்தி எட்டிப் பார்த்து, "ஏம்மா, நல்லா இல்லையா?" என்றாள். அவள் வந்து ஒரு மாசம் ஆகியும் நான் சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. அன்றைக்கு மட்டும் பொங்கிவிட்டது.

"இதுல மதினியே இல்ல. எல்லாரும் மறந்துட்டாங்க. அம்மா வாங்கித் தந்ததுலதான் இருந்தாங்க. அதை அத்தை தூக்கிப் போட்டுட்டாங்க."

சித்தி குனிந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மத்தியானம் எங்கேயோ போய்விட்டு வந்தாள். கடைசியில் ஒரு சாயங்காலம் அவளே சொன்னாள்.

"அந்தப் பழைய பேப்பர் கடைக்காரருகிட்ட உன் புஸ்தகத்தைக் கேட்டுருக்கேன். நாளைக்குத் தாரேங்காரு. தெனமும் இதையேதான் சொல்லுதாரு."

"இந்தியில என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"'கல் தா'ன்னாரு. கல்லுன்னா நாளைக்குன்னு உங்கப்பாதான் சொல்லித் தந்தாவ. தான்னா தாரேங்கதுதானே?"

இந்தியில் நாளைக்கும் கல்தான், நேற்றைக்கும் கல்தான். அப்பா பாதியைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'கல் தா' என்றால் நேற்று இருந்தது என்று அர்த்தம். அதாவது, போய்விட்டது என்று சொல்லிக் கடைக்காரர் தினமும் தட்டிக் கழித்திருக்கிறார். அது தெரியாமல் தினமும் வெயிலில் நடந்துபோய் அப்பா வாங்கிய புத்தகத்தைக் காட்டிக்கொண்டு அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறாள். 'கல்' என்பதைத் தவிர அந்த ஊரில் அவளுக்கு வேறு வார்த்தையே தெரியாது.

விளக்கிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அழுகை வந்துவிட்டது. அம்மா போனபிறகு ஒருத்தர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

சித்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். "புஸ்தகம் போனாப் போட்டும். கதை உனக்குத் தெரியும்லா? எனக்குச் சொல்லுட்டி," என்றாள்.

"அப்பா வாங்குனதே இருக்கே. புதுசா வர்றவங்களுக்கு அதான்."

"அது எனக்கு வேண்டாம். நீ பழசைச் சொல்லு. அக்கா எப்படி வாசிப்பாவளோ, அப்படியே சொல்லு."

அக்கா என்று அவள் சொன்னது என் அம்மாவை. நேரில் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்து, அவள் சப்பாத்தி தேய்க்கத் தேய்க்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்...

இப்போது ரத்தி கடைக்கு ஓட வேண்டியதில்லை. எந்தக் காமிக்ஸ் கேட்டாலும் டேப்லெட்டில் வந்து நிற்கிறது. வாசனை மட்டும் கிடையாது. போன வாரம் சித்தியின் மகள், என் தங்கை வித்யா, ஆபீஸ் முடிந்து வந்ததும் திரையை நீட்டினாள்.

"அக்கா, உங்க அண்ணாச்சியை மறுபடி நம்பர் ஒன் போட்டிருக்காங்க. இதுல இருந்து படிச்சாப் போதும்."

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த சித்தி தலையைத் தூக்கவில்லை.

"அதெப்படிப் போதும்? பழசுல மதினி சீக்காக் கெடப்பால்லா... அந்த எடம் வந்தா எங்க அக்கா வாசிக்க மாட்டாவ. ரெண்டு மூணு தாளைச் சேத்துப் புடிச்சுத் திருப்பிருவாவ."

நான்தான் அவளிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. அம்மா ஏன் அப்படித் திருப்பினாள் என்பது இந்த வயதில்தான் புரிகிறது.

"எந்த இஷ்யூக்கா அது? தேடித் தரட்டுமா, இப்பவே கிடைக்கும்," என்றாள் வித்யா.

வேண்டாம் என்றேன். அந்தப் பக்கங்களை நான் இன்றுவரை பார்த்ததில்லை.