நத்தாருக்கு அடிச்ச வெள்ளை

லயத்துல எட்டாம் நம்பர் வீட்டுக் காம்பராச் செவுத்துல பெற்றீசியா அடிச்சு வச்ச ரெண்டு ஆணிக்கும் நடுவுல ஒரு கயிறு. கயித்துல அந்த வீட்டு சூசைரட்ணம் மாமாவோட காக்கிச் சட்டை, சொட்டச் சொட்டத் தொங்குது.

"மாமா, இது துணி காயப்போட அடிச்ச ஆணி இல்ல."

"பின்ன எதுக்கும்மா அடிச்ச? சும்மாதானே இருக்கு."

சும்மா இல்லவே இல்ல. அது 1985. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து கெம்பஸ் போயி, டிகிரி முடிச்சு, அதுக்கு மேலயும் படிக்கிற ஒரே ஆளு பெற்றீசியாதான். படிக்கிறது மண்ணு, மலை, தண்ணின்னு சுற்றாடல் பத்தி. ஆராய்ச்சிக்கு அவ எடுத்துக்கிட்டது தான் பொறந்த லயத்தையே, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒட்டி நிக்கிற தொழிலாளிங்க வீடுகள. லயம் நிக்கிற மலைச்சரிவு மெல்ல மெல்ல கீழ நகருதுன்னு அவளுக்குச் சந்தேகம். நகர்ந்தா செவுத்து வெடிப்பு அகலமாகும். அதனால ஒவ்வொரு வெடிப்புக்கும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடிச்சு, நடுவுல உள்ள தூரத்த வாராவாரம் அளந்தா. இந்த மழைக்காலம் முடியுறதுக்குள்ள நகர்றத காட்டியாகணும். இல்லன்னா பட்டம் கெடையாது. இன்னொரு வருஷம் படிக்க வைக்க அம்மாவால முடியாது.

ஆனா லயத்துல ஒரு ஆணிய யாரு சும்மா விடுவாங்க? ஒரு வீட்டுல குடை. ஒரு வீட்டுல மாதா படம். காளியாயி அக்கா வெங்காயக் கூடையத் தொங்கவிட்டு, ஆணி வளைஞ்சதும் கல்லால தட்டி நேராக்கி வச்சிருந்தா.

"கோணலா நின்னுச்சு புள்ள, நானே சரி பண்ணிட்டேன்" அப்படின்னு நன்றிக்கு வேற காத்துக்கிட்டு நின்னா.

பேராதனை கெம்பஸ்ல ஆராய்ச்சியப் பாக்குற சேர் ஒரு பக்கம். "பழைய லயம்மா இது. கட்டுன காலத்துலயே வெடிச்சிருக்கலாம். இதுல எது பழசு, எது புதுசுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

கிறிஸ்மஸ் லீவு விட்டதும் பஸ் ஏறி, நத்தாருக்கு மொதநாள் வீட்டுக்கு வந்தா பெற்றீசியா. லயத்தப் பாத்ததும் பை கையில இருந்து நழுவிருச்சு. ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் பால் மாதிரி வெள்ளை. ஒரு வெடிப்பு இல்ல. எல்லாத்தையும் மண்ணும் சாணியும் போட்டுப் பூசி, மேல சுண்ணாம்பு அடிச்சாச்சு.

"அம்மா, என்னம்மா இது?"

"வெடிச்ச செவுத்த வச்சுக்கிட்டு யாராவது நத்தார் கொண்டாடுவாங்களா?" அந்தோனியம்மாவுக்கு மகளோட மூஞ்சி புரியல. "நீ அளந்த வெடிப்பத்தான் மொதல்ல அடைச்சோம். பெருசா இருந்துச்சு."

"ஆணி?"

"ஆணியச் சுத்தி எப்படிப் பூசுறது? புடுங்கி டின்னுல போட்டு வச்சிருக்கேன். ஒண்ணு தொலையல."

மூணு மாசம் அளந்ததெல்லாம் போச்சு. அன்னைக்கு பூசையில கூட பெற்றீசியா பல்லக் கடிச்சுக்கிட்டுதான் நின்னா. பலகாரத்தத் தொடல. சூசைரட்ணம் மாமா வந்து, "வெள்ளை எப்படிம்மா, தொரை பங்களா மாதிரி இல்ல?" அப்படின்னு கேட்டப்ப எந்திரிச்சு உள்ள போயிட்டா.

நத்தார் முடிஞ்சதும் மழை புடிச்சுக்கிச்சு. விட்டு விட்டு இல்ல, ஒரே அடி. ஒரு காலையில கண்ண முழிச்சா, தலைமாட்டுச் செவுத்துல வெரல் நொழையுற அளவுக்கு ஒரு வெடிப்பு, வெள்ளையப் பொளந்துக்கிட்டு. பூச்சு காஞ்சு வெடிச்சா அங்கயும் இங்கயும் மெல்லிசாத்தான் கீறும். இது அப்படியில்ல. பக்கத்து காம்பராவுக்கு ஓடுனா. அங்கயும் அதே சாய்வுல. அடுத்ததுலயும். ஒரே கோடு, லயத்தையே குறுக்க வெட்டிக்கிட்டு கீழ தண்ணி ஓடுற காணுக்கு எறங்குது.

எது பழசு, எது புதுசு? சேரோட கேள்விக்கு வெள்ளையே பதில் சொல்லிருச்சு. இது மொத்தமும் நத்தாருக்குப் பொறகு வந்தது. அளவுகோல எடுத்துக்கிட்டு ஓடியாந்தா, அம்மா ஒரு உருண்டை களிமண்ணோட செவுத்துக்கிட்ட நிக்கிறாங்க.

"தொடாதீங்கம்மா. இதத்தான் நான் இவ்வளவு நாளா தேடுனேன்."

"அப்ப ஒன் படிப்பு தப்பிச்சிருச்சா?"

"தப்பிச்சிருச்சும்மா."

"லயம்?"

பெற்றீசியா அளவுகோலக் கீழ வச்சா. இவ்வளவு நாளும் கயித்துக்கும் கூடைக்கும் சண்டை போட்டாளே தவிர, அளவு சரியா வந்துட்டா லயமே சரியப் போகுதுன்னுதான் அர்த்தம்னு வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

அந்தோனியம்மா மண்ண வெளிய வீசிட்டு, கைய சீலையில தொடச்சுக்கிட்டு, அந்த டின்ன எடுத்தாங்க.

"இந்தா, ஆணிய அடி. வாயால சொன்னா தோட்டத்துத் தொரை நம்பமாட்டான். நீ அளந்து எழுதிக்கிட்டு என்கூட ஆபீசுக்கு வா, வேற எடம் கேப்போம். அதுக்கு முந்தி புள்ளைங்கள எல்லாம் பத்திரமா ஸ்கூல்ல கொண்டு போய் தங்க வைக்கச் சொல்றேன்." வாசல்ல நின்னு கொரல் குடுத்தாங்க. "சூசையண்ணே, இனிமே ஆணியில ஒங்க சட்டை தொங்குச்சு, கிழிச்சுப்போடுவேன்."

பெற்றீசியா சுத்தியல எடுத்தா. ஓங்கி அடிக்கப் பயமா இருந்துச்சு. மெல்லத் தட்டுனா.